வெல்வெட் குகை

“குகை வாசல்ல அவன் மெல்லத் தலையை நீட்டினான். நான் மூச்சுக்கூட விடல. ஒரே அமுக்கு, ஆள் மாட்டினான்!”

அரங்கம் கைதட்டியது. ‘அவன்’ என்பது பச்சைப்பயறு அளவே உள்ள ஒரு நண்டு. அமுக்கியது கேமராவை.

சுவரில் அந்த நண்டு ஆறடி உயரத்துக்குத் தொங்கியது. கறுப்பு மடிப்புகளுக்கு நடுவே முத்துப் போல இரண்டு கண்கள். கீழே இருந்த பலகையில் புகைப்படக்காரரின் பெயர் மூன்று இடங்களில் இருந்தது.

“அக்கா, உன் பேரு எங்க?” பின்வரிசையில் தங்கை கேட்டாள்.

“தேடாத. இருக்காது.”

கேமராக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய், கண்ணுக்கே தட்டுப்படாத ஜந்துக்களைக் குச்சியால் சுட்டிக்காட்டுவதுதான் பதினோரு வருஷமாக அக்காவின் வேலை. இந்த நண்டையும் அவள்தான் காட்டினாள். தோளைப் பிடித்து அவரை மணலில் படுக்க வைத்து, லென்ஸை நேரே திருப்பிவிட்டு, நாற்பது நிமிஷம் விளக்குப் பிடித்தாள். அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அக்கம்பக்கம் என்ன இருக்கிறதென்று பார்க்கவும் இல்லை.

படகில் ஏறியதும், “சார், அது என்னன்னா…” என்று ஆரம்பித்தாள்.

“எனக்கே பாடமா? போய் சிலிண்டரை அடுக்கும்மா.”

படத்தில் தன் பெயரையும் ஒரு ஓரமாகப் போடச் சொல்லிக் கேட்டபோது, “பயணக் கதையில டாக்சிக்காரன் பேரையா எழுதுவாங்க?” என்று சிரித்தார்.

மேடையில் அளப்பு நிற்கவில்லை. மூன்று மணி நேரம் கடலடியில் தன்னந்தனியாகக் கிடந்தாராம். ஒரு சிலிண்டர் காற்று ஒரு மணி நேரம் வந்தாலே அதிகம். அரங்கத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர் கடல் உயிரியல் பேராசிரியை. அவர் எழுந்தார்.

“இந்த நண்டு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. புது இனமா இருக்கும்னு தோணுது. கண்டுபிடிச்சவங்க பேரையே அதுக்கு வைக்கலாம்னு இருக்கேன். யார் கண்டுபிடிச்சது?”

“இது என்ன கேள்வி? நான்தான்!”

“கூட யாரும் வரலையா?”

“மூட்டை தூக்க ஒரு பொண்ணு வந்துச்சு. அதோ, பின்னால உக்காந்திருக்கு.”

அத்தனை தலைகளும் திரும்பின. தங்கை முழங்கையால் இடித்தாள். “எந்திரிக்கா! இப்பவாவது வாயைத் திற!”

வழிகாட்டி எழுந்தாள். ஆறடிப் படத்தை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

“சார் பேரையே வச்சிடுங்க மேடம். முழு மனசாத்தான் சொல்றேன்.”

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். புகைப்படக்காரர், ‘பார்த்தீர்களா’ என்பது போல அரங்கத்தை நோக்கிக் கையை விரித்தார்.

“அப்போ நண்டு குடியிருந்த இடத்தையும் பதிவு பண்ணணும். எப்படிப்பட்ட இடம் சார்?”

“குகை மேடம்! கறுப்பு வெல்வெட்ல தைச்ச மாதிரி ஒரு குகை. வாசல் மெல்ல விரியும், சுருங்கும், மறுபடி விரியும். கடலே மூச்சு விடுது! அந்த வாசல்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டு அப்படியே தியானத்துல இருந்தேன். என் பேருக்குப் பின்னால ‘குகைவாசி’ன்னும் சேர்த்துக்குங்க.”

பேராசிரியை நீட்டிய படிவத்தில் அங்கேயே கையெழுத்தும் போட்டார். கேமராக்கள் மின்னின.

பேராசிரியை படத்தின் பக்கத்தில் போய், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கறுப்பு மடிப்புகளை வெகு நேரம் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு மைக்கோடு நேராகப் பின்வரிசைக்கு வந்தார்.

“நீங்க சொல்லுங்கம்மா. இது என்ன குகை?”

“குகை இல்லைங்க மேடம். கடலட்டையோட ஆசனவாய்.”