மேலே வந்த இதயம்

விலா எலும்புகளுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. நிறுத்தி வைத்த இதயத்தில், பழுதான வால்வு ஆழத்தில் பாதி மறைந்து கிடந்தது.

“நெஞ்செலும்பை அறுத்துராதீங்கம்மா. அப்புறம் எம் மீன் கூடையை யாரு தூக்குவா?” என்று, இப்போது மயக்கத்தில் மேசையில் கிடக்கும் ரெஜினாள் காலையில் கேட்டிருந்தாள்.

டாக்டர் வைதேகி குனிந்து குனிந்து பார்த்தாள்.

“ரம்பத்தை எடுத்து நெஞ்செலும்பை அறுத்துரலாமா மேடம்?” என்றார் உதவி மருத்துவர் செழியன்.

எல்லாவற்றையும் எட்டிப் பார்த்தே பழகிவிட்டேன், எதையும் அருகே வரச் சொல்லிக் கேட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இதயத்தைச் சுற்றிய உறையின் விளிம்பில் தையல்கள் போட்டு, நூல்களை மெல்ல வெளியே இழுத்துக் கட்டினாள். உறையோடு இதயமும் எழுந்து வந்தது. வெட்டின் வாசலில் வால்வு முழுதாகத் தெரிந்தது.

“கூப்பிட்டதும் வந்துருச்சே மேடம்.”

“ரம்பத்தை மூடி வைங்க” என்று சொல்லிவிட்டு, பழுதான வால்வை வெட்டி எடுத்து, புதிய வால்வுக்காகக் கையை நீட்டினாள் வைதேகி.