மேளம் நிற்கும் வீடு

“தண்ணித் தொட்டி வந்ததும் மேளத்த நிறுத்திடணும். கடைசி லயத்து வீட்டு வரிசையத் தாண்டின பிறகுதான் மறுபடி அடிக்கணும். வெளங்குச்சா தம்பி?”

கோயில் தலைவர் நாகரத்தினம் சொன்னது தர்மாவுக்கு விளங்கவில்லை. ரிங்லெட் ஊரிலிருந்து தன் உறுமி மேளக் குழுவோடு அவன் இந்தத் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

“கடைசி லயத்துல யாரு இருக்கா தலைவரே?”

“ஒரு வீட்டுலதான் ஆள் இருக்கு. புனிதான்னு ஒரு பொண்ணு, அவ மகளோட. புருஷனுக்கு சிங்கப்பூர்ல வேலை.”

“அவங்க வாசல்ல மட்டும் மேளம் கூடாதா? ஏன்?”

“பழைய வழக்கம் லா. அந்தக் காலத்துலருந்தே அப்படித்தான்.”

அதற்குமேல் கேட்க விடாமல், இரதத்துக்குத் தோரணம் கட்டுபவர்களை அதட்டப் போய்விட்டார்.

பூ கட்டிக்கொண்டிருந்த காளியம்மாவிடம் கேட்டான் தர்மா.

“அதுவா? அந்த இடத்துல அம்மனுக்குக் கண்ணு அசரும் தம்பி. சத்தம் போட்டா கோவிச்சுக்குவா.”

இரதத்தை இழுக்கும் டிராக்டரின் டிரைவர் மகேன் வேறொரு காரணம் சொன்னான்.

“கெடயாது லா! முன்ன ஒரு தடவ அங்க இரதச் சக்கரம் சேத்துல மாட்டிக்கிச்சு. அதுலருந்து நேர்த்திக்கடன்.”

“சக்கரம் மாட்டினதுக்கு மேளம் என்னய்யா பண்ணுச்சு?”

மகேன் தலையைச் சொறிந்தான். “அதான் எனக்கும் தெரியல.”

ஒரு வழக்கத்துக்கு ஆளுக்கு ஒரு காரணமா? எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள். அந்த வீட்டை ஒதுக்கி வைத்திருக்கிறார்களோ?

தர்மாவுக்கு அந்த வலி தெரியும். சின்ன வயதில், அவன் அப்பா கோயில் கமிட்டியோடு சண்டை போட்ட வருஷம், அவர்கள் வாசலில் மேளம் நின்றது. இரதமும் நிற்காமல் போனது. தட்டில் கற்பூரம் எரிந்து அணையும்வரை அம்மா அப்படியே நின்றிருந்தாள்.

‘இன்னொரு வீட்டுக்கு அது நடக்கக்கூடாது’ என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டான்.

மாலையில் பனிமூட்டம் இறங்கும் நேரத்துக்கு இரதம் தண்ணீர்த் தொட்டியை எட்டியது. நாகரத்தினம் கையை உயர்த்தினார். மேளம் நின்றது. மணி அடித்தவர் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டார். மகேன் டிராக்டர் எஞ்சினையே அணைத்துவிட்டான். ஆண்கள் கயிற்றைக் கட்டி, மூச்சுக்கூட விடாதவர்கள்போல இரதத்தை இழுத்தார்கள்.

தர்மாவுக்கு இன்னும் குழம்பியது. ஒரு வீட்டை அவமானப்படுத்த இத்தனை பாடா?

கடைசி லயத்து வாசலில் புனிதா தட்டோடு நின்றாள். பக்கத்தில் பச்சைப் பாவாடை கட்டிய அவள் மகள். கையில் ஒரு செம்பருத்தி. கண் இரதத்தின் மேலேயே இருந்தது.

தர்மாவுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து, வளைந்த குச்சியைத் தோலில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். உறுமி மலை அதிர முழங்கியது.

செம்பருத்தி கீழே விழுந்தது. அடிபட்டவள்போல் அலறிய சிறுமி, காதுகளைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

காளியம்மா ஓடிவந்து உறுமியின் தோலில் உள்ளங்கையை அழுத்தி, அவனை ஏச வாயெடுத்தாள்.

“அவர ஏசாதீங்க அக்கா” என்றாள் புனிதா. “தம்பி, என் மக பூவிழிக்கு ஆட்டிசம். மேளச் சத்தம் அவளுக்கு மேல அடி விழுற மாதிரி. வருஷத்துல இந்த ஒரு நாள்தான் வாசலுக்கு வந்து சாமி பாப்பா…” அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். “நீங்க போங்க தலைவரே. எங்களுக்காக சாமிய நிறுத்தி வைக்காதீங்க.”

“ஒங்களுக்காக யாரு நிக்கிறா? கயிறு இழுத்து எங்களுக்கே மூச்சு வாங்குது” என்று மெல்லிய குரலில் சொன்ன நாகரத்தினம், புல்லில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தர்மாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவோரம் பச்சைப் பாவாடை தெரிந்தது. காதுகளைப் பொத்தியபடியே வந்து பூவிழி தர்மாவின் கையைப் பார்த்தாள்.

“குச்சி கீழ.”

வைத்தான்.

“மேளமும்.”

தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தான்.

அப்போதுதான் அவள் கைகளை எடுத்தாள். விழுந்த பூவைத் தேடி எடுத்து, இரதத்தருகே போய் அம்மன் காலடியில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு நேராக்கினாள். சிரித்தாள்.

புனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“முன்ன திரிங்காப் ஊர்ல இருந்தப்ப, திருவிழான்னாலே கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடப்போம் தம்பி. நல்ல வேளை, இந்தத் தோட்டத்துல அந்தக் காலத்துலருந்தே இப்படி ஒரு வழக்கம் இருக்கு.”

தர்மா நாகரத்தினத்தைப் பார்த்தான். அவர் அவசரமாகக் கயிற்றைச் சரிபார்த்தார்.

இரதம் லயத்தைத் தாண்டியது. மகேன் எஞ்சினை முடுக்கினான். தர்மா தலைவர் அருகே போனான்.

“மன்னிச்சிருங்க தலைவரே. ஆனா உண்மையச் சொல்லுங்க. இந்த வழக்கம் எப்ப வந்துச்சு?”

நாகரத்தினம் திரும்பிப் பார்த்தார். புனிதா காதில் விழாத தூரம்தான் என்று நிச்சயமான பிறகே வாயைத் திறந்தார்.

“அவங்க சாமானோட லோரில வந்து எறங்கின வருஷம், தம்பி.”