பேசுகிற தூரம்

வெளிநாட்டிலிருக்கும் மகள் ஏற்பாடு செய்து அனுப்பிய உள் அலங்காரப் பெண் ரிஸ்வானா, கூடத்துக்குள் வந்ததும் சிரித்துவிட்டாள். ஆறு நாற்காலிகளும் சுவரோடு முதுகு ஒட்டி வரிசையாக நின்றன. “எல்லார் வீட்லயும் பண்ற தப்பு சார் இது. ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு.” செங்கோட்டுவேலு அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார். மனைவி சரசா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களுக்காக யாரோ போட்ட வரிசை அது. எட்டு மாதமாகியும் கலைக்கத் தோன்றவில்லை. அதற்கு முன்பும் அந்த வீட்டு நாற்காலிகள் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ரிஸ்வானா இரண்டை மட்டும் நடுவில் இழுத்து எதிரெதிரே போட்டு, டேப் வைத்து அளந்தாள். “நாலடி சார். இதுதான் பேசுற தூரம். சத்தம் போடவும் வேண்டாம், முகமும் தெரியும்.” மற்ற நான்கையும் உள்ளறையில் அடுக்கிவிட்டுக் கிளம்பினாள். சாயங்கால வெயில் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. முப்பத்தொரு வருடம் பக்கத்திலேயே இருந்தவளை இப்படி நேருக்கு நேர் உட்கார வைத்துப் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். “சாப்ட்டியா, சரசா?” அவளிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி. கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, கேட்டவரைக் காக்க வைக்கக் கூடாதே என்று எழுந்து, சுற்றிப் போய் அந்த நாற்காலியில் அமர்ந்தார். “இல்லீங்க, நீங்க வரட்டும்னு இருந்தேன்” என்று சொல்லி நிமிர்ந்தார். எதிரே யாரும் இல்லை.