பொருந்தாத போர்டு

கடைக்காரர் ஏதோ திருட்டுத்தனம் பண்ணுகிறார் என்று எனக்கு அப்போதே பட்டது. இல்லாவிட்டால், எங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததும் எதற்காக எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பெட்டி. எட்டு மாதத்துக்கு முன்னால் இதே முனீர் அகமது பாய்தான் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்தார். நேற்றிலிருந்து அதற்கு உயிரில்லை.

என் மகள் இவாஞ்சலின் திங்கட்கிழமை காலேஜில் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். எழுதியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள். கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் நிற்பாள். எட்டாவதில் ஒரு வருஷம் என்று நின்றவள்தான் நான். அப்புறம் போகவேயில்லை.

"அண்ணே, உங்களுக்கு இன்னா வேலை?" திரும்பாமலே என் வீட்டுக்காரரைக் கேட்டார் பாய்.

"ஷூ கம்பெனி. அடி ஒட்டுற செக்ஷன்," என்றார் ஐசக்.

"ம்."

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜையில் பச்சையாக ஒரு கம்ப்யூட்டர் போர்டு கிடந்தது. மலை மேலிருந்து ஊரைப் பார்ப்பதுபோல் இருந்தது. தெரு, வீடு, தண்ணீர்த் தொட்டி. நடுவில் ஒரு சதுரம் மட்டும் காலி. அதில் யார் குடிவருவார்களோ என்று நினைப்பு எங்கேயோ போய்விட்டது.

"பாப்பா," என்றார் பாய். "முன் ரூம்ல இந்த சிடி ஓடுதான்னு பாத்துட்டு வாயேன்."

அவள் போனதும் குறடு எடுத்து எதையோ பிடுங்கினார். பழைய பேப்பரில் சுருட்டி மேஜை டிராயருக்குள் தள்ளினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இவாஞ்சலின் வந்ததும் சொன்னார். "தப்பு என்னுதுதான் பாப்பா. சிப்பு புதுசு, போர்டு பழசு. சாக்கெட் ஒண்ணுங்கறதால உக்காந்துடுச்சு. ஆனா ரெண்டும் ஒத்துக்காது. பாக்காம வெச்சுட்டேன்."

"பெட்டிக்குள்ள இருக்கற ஃபேன் லூசா இருந்துது அங்கிள். கடகடன்னு சத்தம். அதனால இல்லியா? அப்பாகிட்ட அதைத் தொடவேணாம்னு சொன்னேன். தொடலன்னுதான் சொல்றாரு."

ஐசக் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றார் பாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எட்டு மாசம் ஒத்துக்கிட்டது, இப்ப எப்படி பாய் ஒத்துக்காம போவும்?"

"அக்கா, காலும் ஏழாம் நம்பர், ஷூவும் ஏழாம் நம்பர். போட்டா கடிக்கறதில்லையா? அந்த மாதிரிதான்."

"ஆம்பூர்காரிகிட்டயே ஷூ கதை சொல்றீங்களா? கடிக்கிற ஷூ முதல் நாளே கடிக்கும். எட்டு மாசம் கழிச்சா கடிக்கும்?"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பாய்க்குக் காது சிவந்துவிட்டது.

"விடு இன்பம்," என்று என்னை அடக்கினார் ஐசக், காலண்டரைப் பார்த்தபடியே.

"நீங்க சும்மா இருங்க. கேக்கறதுக்கு ஆளில்லன்னுதான் இப்படி ஏமாத்தறாங்க."

பாய் அலமாரியிலிருந்து வேறொரு போர்டும் சிப்பும் எடுத்துப் பூட்டினார். பழசுதான், கொஞ்சம் மெதுவாக ஓடும், பரவாயில்லையா என்று கேட்டார். பெட்டி உயிர் பெற்றது. ப்ராஜெக்ட் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. இவாஞ்சலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காசு எவ்வளவு என்று ஐசக் கேட்டதற்கு, "என் தப்புக்கு உங்ககிட்ட வாங்குவேனா? போங்கண்ணே," என்றார்.

காசு வேண்டாம் என்றதும் என் சந்தேகம் ஜாஸ்தியானது. "கழட்டினதைக் குடுங்க. எங்க பொருளு."

"அது குப்பை, அக்கா. வேணாம்."

"குப்பைன்னா டிராயர்ல ஏன் வெச்சீங்க? வேற எவனுக்காவது விக்கவா?"

பாய் ஐசக்கைப் பார்த்தார். பிறகு டிராயரிலிருந்து அதை எடுத்து, பேப்பருக்கு மேல் இன்னொரு பேப்பர் சுற்றி, சணல் போட்டு இறுக்கிக் கட்டி என்னிடம் நீட்டினார்.

"வீட்டுக்குப் போய் பிரிங்கக்கா."

வீடு வரைக்கும் பொறுக்கிற ஆளா நான்? பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும், கம்ப்யூட்டரைக் காலடியில் நகர்த்திவிட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தேன். மத்தியான வெயிலில் பஸ்ஸே தூங்கி வழிந்தது. இவாஞ்சலின் என் தோளில் சாய்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பாலாறு, வெறும் மணலாக, எங்களோடேயே வந்துகொண்டிருந்தது.

உள்ளே அந்தச் சின்ன ஃபேன். அதன் அடியில் சிப், பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டு. இரண்டுக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ வழிந்து, சிப்புக்குக் கீழே இருந்த ஊசி மாதிரியான பின்களுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது.

பார்ப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஷூவுக்கு அடி ஒட்டுகிற சொல்யூஷன். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு சாயந்திரமும் என் வீட்டுக்குள் வருகிற வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் கையை விட்டுப் போகாத வாசனை.

மகள் படிக்கும்போது ஃபேன் கடகடக்கிறதே என்று ஒட்டியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த வேலை அதுதானே.

முன் சீட்டில் ஐசக்கின் பின்கழுத்து தெரிந்தது. அவர் தூங்கவில்லை. எட்டிப் பார்த்தேன், இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தார். கடையிலும் அப்படித்தான் நின்றாரோ?

பேப்பரை மூடிச் சணலைக் கட்டினேன். பாய் போட்டதைவிட இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

இவாஞ்சலின் கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "இன்னா வாசனைம்மா?"

"ஷூ கம்பெனி வாசனை. ஊர் கிட்ட வந்துட்டோம்."

"அந்த அங்கிள் சொன்னது நிஜமாம்மா? எட்டு மாசம் ஓடினது எப்படி திடீர்னு ஒத்துக்காம போவும்?"

"நிஜம்தான்டி," என்றேன். "சில ஷூ எட்டு மாசம் கழிச்சும் கடிக்கும்."