சத்தமில்லாத பார்

அந்தக் கடற்கரை ஊரில் நான்காவது பாரிலிருந்தும் பிச்சாண்டி காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். அறுபத்தெட்டு வயதில், முட்டிவலியோடு, இந்த வெயிலில் இது என்ன தலையெழுத்து! எல்லாம் ஞானமுத்துவால் வந்தது. முப்பது வருஷம் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த மனுஷன், "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்யா, சத்தமில்லாத எடமாப் பாத்து உக்காரணும்" என்று ரயிலேற்றிக் கூட்டிவந்திருந்தார். போன இடமெல்லாம் ஸ்பீக்கர் நெஞ்சில் குத்தியது.

ஐந்தாவது பார் ஒரு பழைய விடுதியின் பின்பக்கம் இருந்தது. வேறு ஆளே இல்லை. இரண்டு வயசாளிகளைக் கண்டதும் சர்வர் டிவியையும் அணைத்தார். கிளாஸில் ஐஸ் விரிசல் விடுவதுகூடக் கேட்டது.

"இப்பவாவது சொல்லித் தொலைய்யா."

ஞானமுத்து கிளாஸைத் திருகிக்கொண்டே இருந்தார். "இங்க வேணாம்யா" என்றார் கடைசியில். "சொன்னா எனக்கே கேட்ரும்."

பிச்சாண்டிக்குக் கிளாஸைத் தூக்கி அடிக்கலாம் போல வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரை முதல் பாருக்கே இழுத்துப் போனார். ஸ்பீக்கருக்கு அடியில் உட்கார்ந்ததும் ஞானமுத்து பேச ஆரம்பித்தார். உதடுகள் வெகுநேரம் அசைந்தன. நடுவில் ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டார். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிச்சாண்டியின் முகத்தையே பார்த்தார்.

ஒரு வார்த்தையும் காதில் விழாத பிச்சாண்டி, "அட, போனது போகட்டும், விடுய்யா!" என்று எரிச்சலில் கத்தினார்.

ஞானமுத்து நம்பமுடியாமல் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.