தடம் விடாத கம்

மலேசியாவின் லுக்குட் ஊரில் இருந்த புஷ்பவள்ளியின் ஸ்டேஷனரி கடைக்கு வந்த இளைஞன், தீப்பெட்டி அளவிலான பிளாஸ்டிக் வீடு ஒன்றை மேசைமேல் வைத்தான்.

"அக்கா, இந்த மாதிரி குட்டி மாடல் ஒட்டணும். என்ன கம் இருக்கு?"

"பிளாஸ்டிக் சிமெண்ட் எடுங்க தம்பி. பிளாஸ்டிக்கையே உருக்கி ஒண்ணாக்கிடும். உடைச்சாத்தான் பிரியும் லா."

"மத்ததெல்லாம் அதுலதான் ஒட்டினேன். சிலதை மட்டும் அப்புறம் கழட்டணும். தடம் தெரியக்கூடாது."

"அப்போ சூப்பர் கம் வேணாம், வெள்ளையா பூத்துடும். இந்தப் பால் கம் ஒரு சொட்டு வைங்க. பிளாஸ்டிக்ல கெட்டியாப் பிடிக்காது, தொட்டா கையோட வந்துடும்."

விவரமான பிள்ளை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் கூட்டம். தோட்டத்தை வாங்கிய கம்பெனி, அங்கே வரப்போகும் டவுனின் மாடலைக் கொண்டுவந்திருந்தது. உயரமான கொண்டோ அடுக்குமாடிகளுக்கு நடுவே தோட்டத்து மாரியம்மன் கோயிலும், லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் சனங்களுக்கான வீடுகளும் இருந்தன.

"பாத்தீங்களா, ஆத்தாவைக் கைவிடல லா!" கோயில் தலைவர் தர்மராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோயிலையும் லயத்தையும் இடிக்கக்கூடாது என்று கம்பெனிமேல் போட்ட வழக்கைத் திரும்பப் பெறுவதாக எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். புஷ்பவள்ளியும் போட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குட்டிக் கோபுரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டினாள்.

கோயில் அவள் விரலோடு வந்துவிட்டது.

பக்கத்துக் கொண்டோவை அசைத்துப் பார்த்தாள். அசையவே இல்லை.

கம்பெனிச் சட்டை போட்டிருந்த அதே இளைஞன் ஓடிவந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கோயிலை வாங்கிப் பழைய இடத்தில் வைத்தான்.

"நீங்க சொன்ன மாதிரி ஒரு சொட்டுதான் வச்சேன்க்கா."