ஜன்னலுக்குப் பச்சை

அப்பா காலமான பிறகு அவருடைய பெயின்ட் கடையை மறுபடி திறந்து, அவர் படத்தை மாட்டினான் மகன். முதல் ஆளாக வந்த பெயின்டர் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எந்தச் சுவரைச் சுரண்டிக்கிட்டு வந்தாலும் அச்சு அசலா அதே கலரைக் கலந்து கொடுப்பார். அந்தக் கண்ணு இனி யாருக்கு வரும்? ஆனா ஒண்ணு தம்பி, உங்கம்மாவைக் கேட்காம டப்பாவை மூடவே மாட்டார். ஊரே சிரிக்கும்."

மகனுக்கும் சின்ன வயசிலிருந்தே அது மண்டையைக் குடைந்தது. பெயின்டர் போனதும், கடைக்குள் இருந்த அம்மாவிடம் கேட்டான்.

"ஏம்மா, அவ்வளவு கெட்டிக்காரர் எதுக்கு உன்னைக் கேட்டார்? உன்கிட்ட அவ்வளவு பயமா?"

அம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் கண்ணுக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணுதான்டா. பக்கத்துல நின்னு நான்தான் சொல்வேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுதா?"

"முன்னாடியே தெரியும். ஜன்னலுக்குப் பச்சை கேட்டு வாங்கிட்டுப் போய்த் திறந்தா, பழுப்பு! நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கலாம்னு டப்பாவோட திரும்பி வந்தேன்."

முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள்.

"வந்தவதான். இன்னும் வீட்டுக்குப் போகலை."